6061 அலுமினிய சிலிண்டரில் வெள்ளை பூக்கிறது: ஹார்டு அனோடைசிங்கா, பிளாஸ்மாவா, நிக்கலா?

குறிச்சி_சிஎன்சி · ஜனவரி 11

எல்லோருக்கும் வணக்கம். குறிச்சி சிட்கோ பக்கம் இரண்டு சிஎன்சி, ஒரு விஎம்சி மெஷின் வைத்துச் சின்ன யூனிட் நடத்துகிறேன். போன ஆகஸ்டில், தூத்துக்குடியில் உப்பு பாக்கெட் போடும் ஒரு கம்பெனிக்கு 40 ஏர் சிலிண்டர் செய்து கொடுத்தேன். ஹாப்பர் கதவைத் திறந்து மூடுகிற வேலை. பாடி 6061-டி6 அலுமினியக் கலவை பாரில் குடைந்தது, உள்விட்டம் 32 மி.மீ. பிஸ்டனும் 6061தான். எண்ட் கவர் மட்டும் வெளியில் வாங்கிய ஏடிசி12 அலுமினிய டை காஸ்டிங் (அச்சில் வார்த்தது). கவரைப் பிடிக்க நாலு எஸ்எஸ் 304 ஆலன் போல்ட். எல்லாவற்றையும் ஜாப் ஒர்க்குக்குக் கொடுத்து 25 மைக்ரான் அனோடைசிங் (மின்சாரத்தால் அலுமினியத்தின் மேல் ஆக்சைடு படலம் வளர்ப்பது) போட்டு வாங்கினேன். பில்லிலும் 25 என்றுதான் இருக்கிறது.

மழைக்காலம் முடிந்ததும் 11 சிலிண்டர் திரும்பி வந்துவிட்டது. போல்ட் தலையைச் சுற்றி வெள்ளை பூத்திருக்கிறது. விரலால் தடவினால் விபூதி மாதிரி ஒட்டுகிறது. போல்ட்டைக் கழற்றினால் தலை உட்காரும் இடத்தில் பள்ளம். கவர் முழுக்க சாம்பல் நிறத்தில் திட்டுத் திட்டாகக் கெட்டுப்போயிருக்கிறது. சிலிண்டருக்குள் நீளவாக்கில் கோடு விழுந்து காற்று கசிகிறது. “உப்பு அரித்தே உள்ளே தின்றுவிட்டது, தேயாத கோட்டிங்காகப் போடுங்க, 500 மணி நேரம் சால்ட் ஸ்ப்ரே சோதனை ரிப்போர்ட்டும் வேண்டும்” என்கிறார் வாடிக்கையாளர்.

ஒருவர் ஹார்டு அனோடைசிங் (குளிர்ந்த தொட்டியில் தடிமனாக, கடினமாக ஏற்றுவது) என்கிறார், ஒருவர் எலக்ட்ரோலெஸ் நிக்கல் (மின்சாரம் இல்லாமல் ஏற்றும் நிக்கல் பூச்சு) என்கிறார், யூடியூபில் பார்த்தால் பிளாஸ்மா கோட்டிங்தான் எல்லாவற்றுக்கும் அப்பன் என்கிறார்கள். 40 பீஸையும் என் செலவில் மாற்ற வேண்டியிருக்கும் போல. எதைப் போடலாம், சொல்லுங்க.

தொட்டிமேஸ்திரி · ஜனவரி 11

தம்பி, புது கோட்டிங் தேடுவதற்கு முன்னால், பணம் கொடுத்த கோட்டிங் நிஜமாகவே ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். இருபத்திரண்டு வருஷமாக அனோடைசிங் தொட்டி ஓரத்திலேயே நிற்கிறவன் சொல்கிறேன். பில்லில் மைக்ரான் எழுதப் பேனா போதும், தொட்டியில் ஏற்ற நேரம் வேண்டும்.

கணக்கு எளிது. சாதா சல்பூரிக் அமிலத் தொட்டியில், ஒரு சதுர டெசிமீட்டருக்கு ஓர் ஆம்பியர் ஓடினால் நிமிஷத்துக்குச் சுமார் 0.3 மைக்ரான் ஏறும். வழக்கமாக ஒன்றரை ஆம்பியர் வைப்போம். அப்படியானால் 25 மைக்ரானுக்கு 55 நிமிஷம். 20 நிமிஷத்தில் தூக்கிவிட்டால் 9 மைக்ரான். இரண்டும் கண்ணுக்கு ஒன்றுபோலத்தான் இருக்கும், கையில் தடவினாலும் வித்தியாசம் தெரியாது.

அப்புறம் சீலிங். அனோடைசிங் படலம் முழுக்கத் தேன்கூடு மாதிரி நுண்துளை. அடியில் மட்டும் மெல்லிசாக மூடிய அடுக்கு ஒன்று இருக்கும். துளை வாயை அடைக்காவிட்டால் உப்புத்தண்ணீர் உள்ளே போய் உட்கார்ந்துகொள்ளும். 96 டிகிரிக்கு மேல் கொதிக்கிற தண்ணீரில், மைக்ரானுக்கு மூன்று நிமிஷம் என்று வைத்தால் 25 மைக்ரானுக்கு ஒன்றேகால் மணி நேரம் ஆகிறது. தொட்டியைச் சூடாக வைக்கிற செலவு வேறு. ஆர்டர் நெருக்கும்போது முதலில் கத்தரி விழுவது இங்கேதான். அதிலும் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரை அப்படியே சீலிங் தொட்டியில் நிரப்புகிறவர்கள் உண்டு. சிலிக்கேட்டும் பாஸ்பேட்டும் இருக்கிற தண்ணீரில் எத்தனை மணி நேரம் கொதித்தாலும் சீலிங் சரியாகப் பிடிக்காது.

இரண்டு காரியம் செய்யுங்கள். படலத்தின் தடிமனை அளக்கிற எடி கரண்ட் மீட்டர் ஒன்று கடன் வாங்கி, கெடாமல் இருக்கிற பீஸில் பத்து இடத்தில் அளந்து பாருங்கள். இரும்பில் பெயின்ட் அளக்கிற காந்த மீட்டர் அலுமினியத்தில் எதையும் காட்டாது, அதை எடுத்துக்கொண்டு போகாதீர்கள். இரண்டாவது, ஸ்பிரிட் போட்டுத் துடைத்துவிட்டு ஒரு சொட்டு ஃபவுண்டன் பேனா மை வையுங்கள். சில நிமிஷம் கழித்து ஈரத்துணியால் அழுத்தித் தேயுங்கள். முழுக்கப் போய்விட்டால் சீலிங் பரவாயில்லை. கறை நின்றுவிட்டால் துளை திறந்தே கிடக்கிறது. முறையான சோதனையில் முதலில் அமிலச் சொட்டு, பிறகு சாயம் என்று வைப்பார்கள். இது பட்டறை வைத்தியம்தான், ஆனாலும் பொய் சொல்லாது.

ஏடிசி12 கவரைப் பற்றித் தனியாகத் திட்ட வேண்டும். நாளைக்கு வருகிறேன்.

கரையோரக்_கெமிஸ்ட் · ஜனவரி 12

மேஸ்திரி சொன்ன அளவு வரட்டும். அதற்குள் போல்ட் பள்ளத்தைப் பற்றிக் கொஞ்சம்.

அலுமினியம் ஆக்சிஜனோடு சேரத் துடிக்கிற உலோகம். அப்படிச் சேர்ந்து தன் மேலேயே ஒரு சட்டை போட்டுக்கொள்வதால்தான் பிழைக்கிறது. பி.எச். (அமிலமா காரமா என்று காட்டும் அளவு) 4 முதல் 8.5 வரை அந்தச் சட்டை கிழியாது. புளிக்குழம்பை அலுமினியச் சட்டியில் ராத்திரி முழுக்க வைக்காதே என்று வீட்டில் திட்டுவது ஒரு பக்கத்து எல்லைக்காக. ஜன்னல் ஃபிரேமில் பச்சை சிமென்ட் சிந்தினால் உடனே துடைக்கச் சொல்வது மறுபக்கத்து எல்லைக்காக. அனோடைசிங் செய்தாலும் அதே ஆக்சைடுதான், தடிமன்தான் கூடுகிறது. ஆகவே எல்லைகள் மாறுவதில்லை. குளோரைடு என்ன செய்கிறது என்றால், நடு எல்லைக்குள் இருக்கும்போதே சட்டையில் பலவீனமான ஒரு புள்ளியைப் பார்த்து ஊசி குத்துகிறது. மேலே குண்டூசித் தலை அளவு தெரியும், உள்ளே ஒரு மில்லிமீட்டர் இறங்கியிருக்கும்.

இப்போது உங்கள் போல்ட். எஸ்எஸ்ஸும் அலுமினியமும் உப்பு ஈரத்தில் தொட்டுக்கொண்டால் அலுமினியம் கரையும். இது எல்லோருக்கும் தெரியும். ஆனால் பாடி இவ்வளவு பெரிது, போல்ட் தலை இவ்வளவு சின்னது. சின்ன கேதோடு (கரையாத பக்கம்), பெரிய ஆனோடு (கரைகிற பக்கம்) என்றால் அரிமானம் பரவலாகி மெதுவாகத்தானே போக வேண்டும்? பிறகு ஏன் பள்ளம்?

ஏனென்றால் நீங்கள் பாடி முழுக்க அனோடைசிங் செய்துவிட்டீர்கள். அது மின்சாரம் கடத்தாத படலம். எனவே மின்வேதிக் கணக்கில் பாடியின் பரப்பு காணாமல் போய்விட்டது. ஆலன் போல்ட்டை முறுக்கும்போது தலை உரசிச் சுரண்டிய வளையமும், திரெட்டின் உள்ளே படலம் இல்லாத இடமும் மட்டும்தான் வெறும் அலுமினியம். அதாவது ஆனோடு இப்போது நூல் அளவு, போல்ட் தலைதான் பெரியது. மொத்த மின்னோட்டமும் அந்த நூல் மேல் விழுகிறது. கோட்டிங் போடாமல் இருந்திருந்தால் பாடி முழுக்க அசிங்கமாக வெளுத்திருக்கும், ஆனால் இவ்வளவு ஆழமாகப் பள்ளம் விழுந்திருக்காது.

ஆகவே ஜோடியில் ஒன்றுக்குத்தான் பூச்சு என்றால் அதைக் கேதோடுக்குப் போட வேண்டும், அதாவது போல்ட்டுக்கு. இரண்டுக்கும் போட்டால் இன்னும் நல்லது. நைலான் வாஷரும் கழுத்துக்கு ஒரு நைலான் புஷ்ஷும் போடுங்கள். திரெட்டில் பாலிசல்ஃபைடு சீலண்ட் தடவி ஈரமாக இருக்கும்போதே முறுக்குங்கள். விமானங்களில் இப்படி ஈர அசெம்பிளி செய்வது வெகுநாள் வழக்கம். சொல்லப்போனால் அனோடைசிங்கே கடல் விமானத்துக்காக வந்த வித்தைதான். 1923இல் பிரிட்டனில் பெங்கோவும் ஸ்டூவர்ட்டும் டுராலுமின் என்ற அலுமினியக் கலவைப் பாகங்களை உப்புநீரிலிருந்து காக்கக் குரோமிக் அமிலத்தில் செய்தார்கள். நாம் போடுகிற சல்பூரிக் முறை 1927இல் வந்தது.

மலைக்கோட்டை_பைக்கர் · ஜனவரி 12

மேடம், பத்து வருஷம் பைக் என்ஜின் பிரித்திருக்கிறேன், இந்த நூல் வளையக் கணக்கை யாரும் சொன்னதில்லை. நன்றி.

குறிச்சி அண்ணே, உள்பக்கத்துக்கு நிகாசில் மாதிரி போட முடியாதா? நிக்கலுக்குள் சிலிக்கான் கார்பைடு துகள். 1960களின் கடைசியில் ஜெர்மனியின் மாலே கொண்டுவந்தது. அலுமினிய சிலிண்டரில் இரும்பு ஸ்லீவே இல்லாமல் ஓடும்.

கரையோரக்_கெமிஸ்ட் · ஜனவரி 12

ஓடும், ஆனால் எண்ணெய்க்குள். 1990களில் பிஎம்டபிள்யூவின் எம்60 வி8 என்ஜின்களில் நிகாசில் என்ன ஆனது என்று தேடிப் பாருங்கள். பெட்ரோலில் கந்தகம் அதிகம் இருந்த நாடுகளில் அந்த அமிலத்தில் பூச்சு கெட்டு கம்ப்ரஷன் போனது. அடுத்து வந்த எம்62இல் அலுசில் என்ற சிலிக்கான் நிறைந்த அலுமினியக் கலவைக்கு மாறினார்கள். தேய்மானத்தில் ராஜாவாக இருக்கிற பூச்சு வேதியியலில் விழலாம்.

நிக்கலில் எனக்குள்ள பெரிய பயம் வேறு. நிக்கல் அலுமினியத்துக்குக் கேதோடு. பூச்சில் ஓர் ஊசித்துளை இருந்தால் நான் மேலே சொன்ன போல்ட் கதைதான், பீஸ் முழுக்க. 25 மைக்ரானுக்கு மேல், துளையில்லாமல், அதிகப் பாஸ்பரஸ் வகை போட்டால் கடலோரத்திலும் தாங்கும். போடுகிறவர் ஜிங்கேட் (மெல்லிய துத்தநாக) அடித்தளத்தைச் சரியாகச் செய்ய வேண்டும், இல்லாவிட்டால் அப்பளம் மாதிரி உப்பிவிடும். இன்னொன்று, கடினம் கூட்ட எலக்ட்ரோலெஸ் நிக்கலை 400 டிகிரியில் ஒரு மணி நேரம் வைப்பார்கள். கடினம் 900 விக்கர்ஸுக்கு (கடினத்தின் அளவு) மேல் வரும். ஆனால் உங்கள் 6061-டி6 அந்த டி6 பலத்தை வாங்கியதே 175 டிகிரி சுமாரில் ஊறவைத்துத்தான். 400இல் வைத்தால் அடி உலோகம் மெத்தையாகிவிடும். அடியில் மெத்தை, மேலே கண்ணாடி. டிராயிங்கில் ஒரு வரி எழுதாமல் விட்டு இப்படி லாட் முழுக்கக் கெட்டதை இரண்டு இடத்தில் பார்த்திருக்கிறேன்.

தீப்பொறி · ஜனவரி 13

பிளாஸ்மா என்று யாரோ கிண்டலாகச் சொன்னதுபோல இருந்ததால் வருகிறேன். அதன் பெயர் பிளாஸ்மா எலக்ட்ரோலிட்டிக் ஆக்சிடேஷன், சுருக்கமாகப் பி.இ.ஓ. மைக்ரோ ஆர்க் ஆக்சிடேஷன் என்றும் சொல்வார்கள். ஹைதராபாத்தில் ஏஆர்சிஐ ஆராய்ச்சி நிறுவனம் இதில் நிறைய வேலை செய்திருக்கிறது.

சாதா அனோடைசிங் 15 வோல்ட் சுமாரில் ஓடும், ஹார்டு என்றால் முடிவில் 60, 70 வரை ஏறும். இதில் 400, 500 வோல்ட். திரவம் அமிலம் இல்லை, பொட்டாஷும் சிலிக்கேட்டும் கலந்த நீர்த்த காரம். முதல் சில விநாடி எதுவும் தெரியாது. பிறகு பீஸின் ஓரத்தில் கம்பி மத்தாப்பு கொளுத்தியதுபோல வெள்ளைப் பொறிகள் கிளம்பும். கொஞ்ச நேரத்தில் மேற்பரப்பு முழுக்க ஓடும். நேரம் போகப் போகப் பொறி பெரிதாகி ஆரஞ்சு நிறத்துக்கு மாறும், சத்தமும் மாறும். ஒவ்வொரு பொறியும் ஆக்சைடை உருக்கி உடனே குளிர வைக்கிறது. அப்படி உருவாகிற படிக அலுமினா 1,000 விக்கர்ஸைத் தாண்டும். ஹார்டு அனோடைசிங் 350 முதல் 500 வரைதான். ஏடிசி12 மாதிரி சிலிக்கான் நிறைந்த வார்ப்பிலும் பிடிக்கும். மெக்னீசியத்துக்கு இது வரப்பிரசாதம்.

தொட்டிமேஸ்திரி · ஜனவரி 13

தீப்பொறி தம்பி, நல்லாத்தான் இருக்கிறது. 32 மி.மீ. குழாய்க்குள் பொறி சீராக விழ உள்ளே தனி எலக்ட்ரோடு விடணும். மேலே வருகிற அடுக்கு சொரசொரப்பு, துளை வேறு. ரப்பர் சீல் அதன் மேல் ஓடினால் எமரித் தாளில் ஓடுகிற மாதிரி. பாலிஷ் பண்ணி மேல் அடுக்கை எடுக்கணும், பிறகு துளையை எதையாவது கொண்டு அடைக்கணும். கரண்ட் பில், குளிர வைக்கிற சில்லர், இவ்வளவுக்கும் சேர்த்து 40 ஏர் சிலிண்டருக்கு யார் கொடுப்பது?

ஏடிசி12க்கு வருகிறேன். அதில் சிலிக்கான் 9.6 முதல் 12 சதவீதம், செம்பு 1.5 முதல் 3.5 வரை. டை காஸ்டிங்கில் நன்றாக ஓடி அச்சை நிரப்புவதற்காகச் சேர்த்த சிலிக்கான் அது. தொட்டியில் சிலிக்கான் துகள் ஆக்சைடாவதில்லை, நடுவில் கல் மாதிரி நிற்கும். செம்பு இருக்கிற இடம் கரைந்துபோகும். அதனால்தான் சாம்பல் திட்டு. 6061ஐயும் ஏடிசி12ஐயும் ஒரே ரேக்கில் மாட்டி ஒரே நேரத்தில் தூக்கியிருந்தால், கவரில் நாலு மைக்ரான் ஏறியிருந்தாலே அதிசயம். அந்தக் கவரை அனோடைசிங்குக்கு அனுப்பியது உங்கள் தப்பு, வாங்கிப் போட்டது அவர்கள் தப்பு.

தீப்பொறி · ஜனவரி 13

விலை விஷயத்தில் தோற்றேன், ஒத்துக்கொள்கிறேன். மெக்னீசியத்தில் மட்டும் விடமாட்டேன். ட்ரோன் பாடி செய்கிறவர்கள் யாராவது இந்த இழையைப் படித்தால் உபயோகப்படும் என்பதால் எழுதி வைக்கிறேன்.

மெக்னீசியத்தின் அடர்த்தி 1.74, அலுமினியம் 2.70. எடை குறையும் ஆசையில் எல்லோரும் போவார்கள். அலுமினியம் ஆக்சைடாகும்போது கன அளவு 1.28 மடங்கு ஆகிறது, சட்டை இறுக்கமாக மூடும். மெக்னீசியம் ஆக்சைடானால் 0.81 மடங்குதான். சட்டை உடம்புக்குப் பத்தாது, இடைவெளி விழும். சாதா அனோடைசிங் மனநிலையோடு அதை அணுகவே கூடாது. பி.இ.ஓ. போட்டாலும் மேலே ஒரு ரெசின் அல்லது பெயின்ட் வேண்டும். பூச்சுக்கு முன்னால் உலோகத்தின் சுத்தத்தையும் பாருங்கள். ஏஇசட்91டி மெக்னீசிய வார்ப்பில் இரும்பு 0.005 சதவீதம், நிக்கல் 0.002, செம்பு 0.03 என்று உச்சவரம்பு வைத்திருப்பதே அரிமானத்துக்காகத்தான். அதைத் தாண்டினால் எந்தப் பூச்சும் கொஞ்ச நாள் மறைக்கும், அவ்வளவுதான். பழைய வோக்ஸ்வாகன் பீட்டிலின் கிராங்க் கேஸ் மெக்னீசியம்தான். என்ஜின் எண்ணெயும் சூடும் சேர்ந்து ஈரத்தைத் தங்கவிடாமல் பார்த்துக்கொண்டன. உப்பளத்தில் அந்த சொகுசு கிடையாது.

அடுப்பங்கரை_ராணி · ஜனவரி 14

தப்பான இடத்தில் கேட்கிறேனோ தெரியவில்லை. என் ஹார்டு அனோடைஸ்டு கடாயைப் பாத்திரம் கழுவும் மெஷினில் போட்டேன், கருப்பு போய் வெளுத்துவிட்டது. இதுவும் அதே கதையா?

தொட்டிமேஸ்திரி · ஜனவரி 14

அதே கதைதான் அம்மா. மெஷின் சோப்பு கடுமையான காரம். மேடம் சொன்ன மேல் எல்லை. படலத்தையே கரைத்துவிடும். கையால் கழுவுங்கள், புளிக்குழம்பை ராத்திரி அதிலேயே விடாதீர்கள். வெளுத்தது திரும்பாது.

ஓசூர்_டிசைன் · ஜனவரி 15

குறிச்சி சார், நீங்கள் போட்டிருக்கும் சிலிண்டர் உள்பக்கப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். எல்லோரும் உப்பு தின்றது என்கிறார்கள். எனக்குச் சந்தேகம்.

உப்பின் கடினம் மோ அளவில் இரண்டு, இரண்டரை. அலுமினாவுக்கு 9. உப்புத் துகள் அனோடைசிங்கில் கோடு கிழிக்க முடியாது, வாழைப்பழத்தால் தேங்காயை உடைக்கிற மாதிரி. கோடுகள் ஒரே அகலத்தில், நேராக, எல்லாம் ஏர் போர்ட் ஓட்டையிலிருந்தே தொடங்குகின்றன. கவனித்தீர்களா? அந்த ஓட்டை சிலிண்டரின் பக்கவாட்டில் திறக்கிறது. ஸ்ட்ரோக் முடிவில் பிஸ்டன் சீல் அதன் மேலேயே ஏறி இறங்குகிறது என்று நினைக்கிறேன்.

அனோடைசிங் படலம் எப்போதும் மேற்பரப்புக்குச் செங்குத்தாக வளரும். கூர்மையான விளிம்பில் இரண்டு பக்கத்துப் படலமும் ஒன்றையொன்று விட்டு விலகிப் போகும், மூலையில் வாய் பிளக்கும். 50 மைக்ரானுக்கு ஒன்றரை மில்லிமீட்டர் வளைவு, 25க்கு முக்கால் மில்லிமீட்டராவது வைப்பது வழக்கம். உங்கள் ஓட்டை டிரில் போட்டபடியே கத்தி மாதிரி இருக்கிறது, பிசிறுகூட எடுக்கவில்லை. அந்த விளிம்பில் படலம் சில்லு சில்லாகப் பெயர்ந்து ரப்பர் சீலில் பதிந்திருக்கும். பிறகு அந்த அலுமினாத் தூளே சாணைக்கல். ராடு சீல் வழியாக மணலும் வந்திருக்கலாம், ராடைத் துடைத்து உள்ளே விடும் வைப்பர் சீல் போட்டீர்களா? சீலை அறுத்து லென்ஸில் பாருங்கள்.

குறிச்சி_சிஎன்சி · ஜனவரி 18

சோதித்துப் பார்த்தேன். வெட்கமாகத்தான் இருக்கிறது, இருந்தாலும் எழுதுகிறேன்.

பாடியில் 8 முதல் 11 மைக்ரான். கவரில் சில இடத்தில் 3, சில இடத்தில் மீட்டர் சைபர் காட்டுகிறது. மைக்கறை பாடியில் பாதி நின்றுவிட்டது, கவரில் சிலேட்டில் எழுதினதுபோல அப்படியே இருக்கிறது. ஜாப் ஒர்க் செய்தவரிடம் கேட்டேன். “25 என்று சொன்னது டேங்க் டைம்ங்க, 25 நிமிஷம்” என்றார். சிரிக்கவா அழவா தெரியவில்லை.

சீலை அறுத்தேன். உதட்டில் கருப்பு நிறத்தில் பளிச் பளிச்சென்று நுணுங்கல். வைப்பர் சீல் போடவில்லை. போர்ட் விளிம்பை நகத்தால் தடவினால் நகம் சீவுகிறது. ஓசூர் சார், உங்களுக்குத் தூத்துக்குடி மக்ரூன் ஒரு டப்பா கடன்.

ஒரு சந்தேகம். 50 மைக்ரான் ஹார்டு போட்டால் 32 மி.மீ. என்ன ஆகும்?

ஓசூர்_டிசைன் · ஜனவரி 18

ஹார்டில் பாதி உள்ளே இறங்கும், பாதி வெளியே வளரும். 50 மைக்ரான் என்றால் பக்கத்துக்கு 25 வெளியே, உள்விட்டத்தில் 50 மைக்ரான், அதாவது 0.05 மி.மீ. குறையும். 32.05க்குக் குடைந்து அனுப்புங்கள். பிஸ்டனில் வெளிவிட்டம் அதே அளவு கூடும், அங்கே குறைத்துத் திருப்புங்கள். இரண்டையும் மறந்தால் பிஸ்டன் உள்ளே போகவே போகாது. டிராயிங்கில் அளவு கோட்டிங்குக்கு முன்னாலா பின்னாலா என்று எழுதுங்கள். மைக்ரானை நிமிஷம் என்று யாரும் படிக்காமல் இருக்க, படலத்தின் தடிமன் என்ற வார்த்தையையும் எழுதுங்கள்.

தொட்டிமேஸ்திரி · ஜனவரி 19

ஹார்டு போடுகிற இடத்தில் தொட்டி வெப்பநிலை கேளுங்கள். 0 முதல் 5 டிகிரிக்குள் சில்லர் ஓடணும். 15 டிகிரியில் ஹார்டு என்று சொல்லிப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள், படலம் மாவாக வரும்.

இப்போது கஷ்டமான கேள்வி. ஹார்டை சீல் செய்வதா வேண்டாமா? சீல் செய்தால் படலம் கொஞ்சம் மெத்தென்று ஆகும், தேய்மானம் தாங்குவது குறையும். அமெரிக்க ராணுவத் தரக்குறிப்பு, ஹார்டு வகையைக் கேட்டாலொழிய சீல் செய்யாதே என்றே சொல்கிறது. செய்யாவிட்டால் உப்புக் காற்றில் துளை திறந்து கிடக்கும். இரண்டையும் முழுசாகக் கேட்க முடியாது. என் அபிப்பிராயம், உங்கள் கேஸில் ரப்பர்தான் ஓடுகிறது, இரும்பு இல்லை. தேய்த்தது பெயர்ந்த சில்லு. விளிம்பை உருட்டி, வைப்பர் போட்டுவிட்டால் தேய்க்க ஆளில்லை. ஆகவே சீல் செய்யுங்கள், நிக்கல் அசிடேட்டில்.

கரையோரக்_கெமிஸ்ட் · ஜனவரி 19

மேஸ்திரி பக்கம்தான் நானும். போல்ட் திரெட்டுக்கு மட்டும் கன்வர்ஷன் கோட்டிங் (உலோகத்தோடு வினைபுரிந்து உருவாகும் மெல்லிய படலம்) ஒரு கை தடவச் சொல்லுங்கள். மஞ்சளாக வருகிற பழைய குரோமேட் வேண்டாம், டிரைவேலண்ட் (மூன்று இணைதிறன் குரோமியம்) வகை கேளுங்கள். மஞ்சள் நல்ல சரக்குதான், அதில் ஒரு சந்தேகமும் இல்லை. கீறல் விழுந்தால் பக்கத்திலிருக்கிற குரோமேட் ஈரத்தில் கரைந்து போய்க் கீறலைத் தானே மூடும். ஆனால் அப்படிக் கரைந்து ஓடுகிற குணமே அதன் சாபம். அதிலுள்ள ஆறு இணைதிறன் குரோமியம் புற்றுநோய் தரும். ராணிப்பேட்டையில் மூடிப்போன குரோமேட் ஆலை விட்டுவிட்டுப் போன மேட்டில் 2 லட்சம் டன்னுக்கு மேல் கழிவு கிடந்து நிலத்தடி நீரில் இறங்கிய கதை நம் ஊர்க் கதை. ஐரோப்பாவில் 2017 செப்டம்பருக்குப் பிறகு குரோமியம் டிரையாக்சைடைத் தனி அனுமதி இல்லாமல் தொடவே முடியாது.

500 மணி நேர சால்ட் ஸ்ப்ரே பற்றி: 5 சதவீத உப்புநீர், 35 டிகிரி, இடைவிடாத மூடுபனி. அதில் காய்வதே இல்லை, வெயிலும் இல்லை, உங்கள் போல்ட்டும் இருக்காது, தகடுதான் வைப்பார்கள். தொட்டிக்குத் தொட்டி தரம் மாறுகிறதா என்று பார்க்க நல்ல சோதனை. 500 மணி என்றால் ஐந்து வருஷம் என்று பெருக்கிச் சொல்கிறவரை நம்பாதீர்கள். காரைக்குடி மின்வேதியியல் ஆய்வகத்தார் மண்டபம் முகாமில் கடலோரத்திலேயே தகடுகளைக் கட்டி வைத்து வருஷக்கணக்கில் பார்ப்பது சும்மா இல்லை. ராணுவத் தரக்குறிப்பே 336 மணிதான் கேட்கிறது. ரிப்போர்ட் கொடுங்கள். கூடவே போல்ட்டோடு சேர்ந்த இரண்டு முழு சிலிண்டரை அவர்கள் ஆலைக் கூரையிலேயே கட்டிவிடுங்கள்.

குறிச்சி_சிஎன்சி · ஜூலை 20

ஆறு மாசம் ஆயிற்று. பாதியில் விட்டுவிட்டுப் போகிறவன் என்று நினைத்திருப்பீர்கள்.

ஓட்டை விளிம்பை உள்ளிருந்தே உருட்ட ஒரு டூல் செய்தேன், அதற்கே மூன்று நாள் போனது. கவரை 6061 தகட்டில் வெட்டினேன், ஏடிசி12ஐக் கைகழுவிவிட்டேன். 50 மைக்ரான் ஹார்டு, நிக்கல் அசிடேட் சீல். தொட்டி ஓரத்தில் நானே நின்று தெர்மாமீட்டரைப் பார்த்தேன், 3 டிகிரி. ஆறு பீஸ் அளந்ததில் 46 முதல் 54. போல்ட்டுக்கு நைலான் புஷ், திரெட்டில் சீலண்ட். பிப்ரவரி கடைசியில் 12 சிலிண்டர் போனது. மற்றது ஏப்ரலில்.

நேற்று நேரில் போய்ப் பார்த்தேன். பன்னிரண்டில் பதினொன்றில் கசிவு இல்லை, போல்ட் ஓரம் சுத்தம். கூரையில் கட்டிய இரண்டும் தூசிதான். ஒன்றில் மட்டும் பாடியின் நடுவில் ஐந்து ரூபாய்க் காசு அளவுக்கு வெள்ளை. நெஞ்சு திக்கென்றது. கிட்டப் போய்ப் பார்த்தால், மெயின்டனன்ஸ் ஆள் நம்பர் பிளேட் மாட்ட டிரில் போட்டு, எஸ்எஸ் ஸ்குரூ ஒன்றை இறக்கியிருக்கிறார்.

மேடம், அந்த ஓட்டையை இப்போது என்ன செய்யட்டும்?

கரையோரக்_கெமிஸ்ட் · ஜூலை 20

ஸ்குரூவை எடுத்துவிட்டு வெந்நீரில் நன்றாகக் கழுவச் சொல்லுங்கள், பள்ளத்தில் உப்பு மிஞ்சக் கூடாது. வெள்ளையைச் சுரண்டி, உலர வைத்து, டிரைவேலண்ட் குரோம் டச்-அப் பேனா ஒரு தடவை, காய்ந்ததும் பாலிசல்ஃபைடு சீலண்ட் வைத்து அடைத்துவிடுங்கள். நம்பர் பிளேட்டை ஒட்டச் சொல்லுங்கள்.

தொட்டிமேஸ்திரி · ஜூலை 21

அந்த டிரில்லை வாங்கிப் பூட்டி வையுங்கள் தம்பி. அப்புறம், ஓசூர்காரருக்கு மக்ரூன் போய்ச் சேர்ந்ததா?